ஓரகத்திகளும் நார்ச்சத்து டப்பாக்களும்

ஓரகத்திகள் என்றாலே எலியும் பூனையும் என்று நினைக்கிறவர்கள் இந்த இருவரையும் பார்த்ததில்லை. அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்தவள் பெரியவள், தம்பியைக் கட்டிக்கொண்டு வந்தவள் சின்னவள். அண்ணன் தம்பி இருவருக்கும் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதி கடலோடு போய்விடும். ஆகவே இவர்கள் குடித்தனம் நடத்தியதெல்லாம் பெரும்பாலும் ஒருத்தியோடு ஒருத்திதான். மாடியில் வீடு, கீழே பெண்களுக்கான முடிதிருத்தும் கடை. மூன்று நாற்காலி, மூன்று கண்ணாடி, தலை அலசும் தொட்டி, வாசல் பக்கம் ஒரு கல்லா மேஜை. பெரியவள் கத்திரி பிடிப்பாள். சின்னவள் சாயம் பூசுவாள், கல்லாவைக் கவனிப்பாள், வருகிறவர்களின் வாயைக் கிளறி ஊர்க்கதையை வாங்குவாள். இருவருக்கும் சர்க்கரை நோய் வந்ததுகூட ஒரே வருஷத்தில்தான். "இதுலயும் எனக்குப் போட்டியா வந்துட்டா பாருங்க" என்று பெரியவள் வாடிக்கைக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

சும்மா சொல்லக் கூடாது, பெரியவளுக்கு அப்படியொரு கைராசி. அவளிடம் முடி வெட்டிக்கொண்டு நேர்முகத் தேர்வுக்குப் போனால் வேலை நிச்சயம் என்று பஸ் ஏறி வந்தவர்கள் உண்டு. கத்திரி ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம், இரண்டும் நிற்காமல் போகும். வெட்டு மட்டும் மயிரிழை பிசகாது.

அப்படிப்பட்டவளின் கண்ணில் புரை விழுந்தது. முதலில் அவள் பல்பைக் குறை சொன்னாள். பல்பை மாற்றினார்கள். பிறகு கண்ணாடி மங்கிவிட்டது என்றாள். சின்னவள் அதைத் துடைத்துத் துடைத்துக் கை வலி கண்டாள். கடைசியில் ஒருநாள் ஒரு பள்ளி ஆசிரியையின் காது நுனியில் கத்திரி பட்டுவிட்டது. ஒரு பொட்டு ரத்தம்தான். "பரவால்லக்கா, கொசு கடிச்ச மாதிரிதான் இருக்கு" என்று அந்த ஆசிரியையே சமாதானம் சொன்னாள். பெரியவள் கத்திரியைத் துடைத்து, உறையில் போட்டு, இழுப்பறையில் வைத்து மூடினாள். மறுநாளிலிருந்து தலை அலசிவிடுவதோடு சரி. வெட்ட வேண்டும் என்று வந்தவர்களைச் சின்னவள் அடுத்த தெருக் கடைக்கு அனுப்பிவைத்தாள். ஒவ்வொருவரை அனுப்பும்போதும் அவளுக்கு வயிறு எரிந்தது.

கண் டாக்டர் நல்ல மனிதர்தான், ஆனால் பேச்சில் ஒளிவுமறைவு கிடையாது. "ரெண்டு கண்ணுலயும் புரை இருக்கு. எடுத்துட்டா பழையபடி பார்க்கலாம். ஆனா மூணு மாசச் சர்க்கரை இப்படி ஏறிக் கிடக்கறப்ப நான் கை வைக்க மாட்டேன். புண் ஆறாம சீழ் பிடிச்சா யாரு பதில் சொல்றது? குறைச்சுக்கிட்டு வாங்க" என்றார். பெரியவள் மாத்திரையை விட்டதில்லை, காலையில் நடக்காமல் இருந்ததில்லை. இருந்தும் அந்தச் சர்க்கரை இறங்குவேனா என்று அடம்பிடித்தது. வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் வாயே திறக்கவில்லை. அவள் வாய் மூடி இருந்து சின்னவள் பார்த்ததே இல்லை. படியேறும்போது மட்டும் பெரியவள் சொன்னாள்: "கண்ணு போனாக்கூடப் பரவால்லடி. என் கத்திரி போயிடுச்சே."

அதே ஆஸ்பத்திரியின் பின்கட்டில்தான் அந்த ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. சர்க்கரை நோயாளிகளுக்கு ஒருவகை நார்ச்சத்துப் பொடி கொடுத்து, குடலில் வாழும் பாக்டீரியாக்கள் எப்படி மாறுகின்றன, சர்க்கரை இறங்குகிறதா என்று பார்க்கிறார்களாம். சின்னவளுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. விசாரித்து, எழுதிக் கொடுத்து, பெரியவளையும் இழுத்துக்கொண்டு போய் நின்றாள்.

ஆராய்ச்சியை நடத்திய பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். பெரிய கண்ணாடி, கலைந்த கொண்டை, மேஜைக்குப் பின்னால் ஒரு ஃபிரிட்ஜ். அதன்மேல் 'தயவுசெய்து சாப்பாடு வைக்காதீர்கள்' என்று எழுதி ஒட்டியிருந்தது. அதற்குள் யார் யாருடைய மலமோ சின்னச் சின்னக் குப்பிகளில் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தபோது, சின்னவள் நாற்காலியை ஒரு சாண் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

"இந்த நார்ச்சத்து நமக்குச் செரிக்காது ஆன்ட்டி" என்று அந்தப் பெண் விளக்கினாள். "அப்படியே பெருங்குடலுக்குப் போயிடும். அங்க இருக்கற நல்ல பாக்டீரியாவுக்கு அதுதான் சாப்பாடு. அதுங்க தின்னுட்டு சில அமிலங்களை விடும். அது குடலுக்கு நல்லது, சர்க்கரையைக் கட்டுப்படுத்தவும் உதவலாம்னு நினைக்கிறோம். நிஜமா உதவுதான்னு பார்க்கத்தான் இந்த ஆராய்ச்சி."

"அப்ப நாங்க கிருமிக்குச் சோறு போடணும்" என்றாள் சின்னவள்.

"கிருமின்னு சொல்லாதீங்க ஆன்ட்டி. பாவம், நல்லதுங்க."

அன்றிலிருந்து அவளுக்குக் கிருமிப்பொண்ணு என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஆளுக்கொரு டப்பா தந்தாள். ஒருவர் டப்பாவில் நிஜ நார்ச்சத்து இருக்கும், இன்னொருவர் டப்பாவில் பார்க்க அதே மாதிரி இருக்கும் சும்மா மாவு இருக்கலாம். யாருக்கு எது என்பது கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் தெரியும், அவளுக்கே தெரியாது. மாத்திரையை நிறுத்தக் கூடாது. சாப்பாட்டை மாற்றக் கூடாது. "முக்கியமா, ஒருத்தர் டப்பாவை இன்னொருத்தர் தொடவே கூடாது. ஒரே வீட்டுல இருக்கீங்களேன்னுதான் அழுத்திச் சொல்றேன்" என்றாள். இருவரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்போல் ஒன்றாகத் தலையாட்டினார்கள். "முதல்ல கொஞ்சம் காத்து பிரியும். வெட்கப்படாதீங்க. உள்ள இருக்கறவங்க சாப்பிடறாங்கன்னு அர்த்தம்."

அந்தக் கடைசி வார்த்தையை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். சின்னவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு வாரம் ஆவதற்குள் சின்னவளின் வயிறு கச்சேரி வைக்க ஆரம்பித்துவிட்டது. கல்லாவில் உட்கார்ந்து, வழக்கம்போல் சர்க்கரை இல்லாத புதினா மிட்டாயை ஒன்று மாற்றி ஒன்றாக வாயில் அடக்கிக்கொண்டு, வாடிக்கைக்காரியிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளே கடகடவென்று ஓடும். கடையோ நாலு பேர் மூச்சு விட்டால் நிரம்பிவிடும் கடை. என்ன செய்வாள்? ஹேர் ட்ரையரை எடுத்து ஓடவிட்டாள். ட்ரையர் போடும் சத்தத்தில் இடியே விழுந்தாலும் கேட்காது. வாசனைக்குச் சாய மருந்து இருக்கவே இருக்கிறது.

"என் தலை காஞ்சு ரொம்ப நேரம் ஆச்சே" என்பாள் நாற்காலியில் இருப்பவள்.

"வேர்ல இன்னும் ஈரம் இருக்கு, சும்மா இருங்க. சளி பிடிச்சா என்னைச் சொல்லக் கூடாது" என்று சின்னவள் வறுத்தெடுப்பாள்.

பெரியவளோ தொட்டி அருகே குளத்துத் தண்ணீர்போல் அசையாமல் நிற்பாள். ஒரு முனகல் இல்லை, ஒரு நெளிவு இல்லை. சின்னவள் இரண்டு வாரம் அவளையே உற்றுப் பார்த்தாள். முடிவுக்கு வந்தாள். நிஜப் பொடி தன் டப்பாவில் இருக்கிறது. அக்காவுக்கு வந்தது வெறும் மாவு. அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கம்ப்யூட்டர் எதிரில் இருந்தால் சாய மருந்தைக் கரைத்து அதன் தலையில் ஊற்றியிருப்பாள். கண் வேண்டியது யாருக்கு? கத்திரி வேண்டியது யாருக்கு? இதையெல்லாம் ஒரு பெட்டி தீர்மானிக்குமா?

பெரியவள் ஒரு வாடிக்கைக்காரிக்குத் தலை அலசிக்கொண்டிருந்த நேரம் பார்த்து அவள் மாடிக்கு ஓடினாள். சமையலறை அலமாரியில் இரண்டு டப்பாக்களும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. யாருடையது என்று காட்டும் எண் டப்பாவின் அடியில்தான் ஒட்டியிருந்தது. உள்ளே இருந்த பொட்டலங்கள் எல்லாம் ஒரே வெள்ளி நிறம், ஒரு எழுத்துக் கிடையாது. தன் பொட்டலங்களை அக்கா டப்பாவிலும், அக்காவுடையதைத் தன் டப்பாவிலும் கொட்டி மூடினாள். கிருமிப்பொண்ணின் முகம் கண்முன் வந்தது. தப்புதான், பெரிய தப்புதான். ஆனால் கீழே இறங்கி வரும்போது அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது, அவ்வளவு சந்தோஷம். அதற்கப்புறம் ஒவ்வொரு மாதமும் புது டப்பா வந்ததும், பெரியவள் குளிக்கப் போகும் நேரத்தில் இவள் காரியத்தை முடித்துவிடுவாள்.

ஆனால் ஒன்று மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை. டப்பா மாறியது, காற்று மாறவில்லை. கச்சேரி அவள் வயிற்றிலேயே நடந்தது. பெரியவள் அப்படியே கல் மாதிரி நின்றாள். சின்னவள் யோசித்து யோசித்து ஒரு சமாதானம் கண்டுபிடித்தாள்: தன் வயிற்றில் ஒரு தடவை விருந்து சாப்பிட்ட கூட்டம் கிளம்ப மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறது, அக்காவின் வயிறோ இரும்பு, எதையும் காட்டிக்கொள்ளாது. இதை நினைத்து நிம்மதியானாள். பெரியவள்தான் அடிக்கடி கிட்டே வந்து, "வயிறு எப்படிடி இருக்கு? குறைஞ்சிருக்கா?" என்று கேட்டுக் கேட்டுச் சுடுதண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு என் மேல் எவ்வளவு பாசம் என்று சின்னவள் உருகிப்போனாள்.

கடைசிப் பரிசோதனைக்கு அந்தப் பின்கட்டு அறையில் இருவரும் உட்கார்ந்தார்கள். கிருமிப்பொண்ணு தாளைப் பார்த்தாள், கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். முகமெல்லாம் மலர்ந்தது.

"பெரிய ஆன்ட்டி, உங்களுக்கு நல்லா இறங்கியிருக்கு. கண் டாக்டர் கேட்ட அளவுக்குக் கீழயே வந்துடுச்சு. இன்னிக்கே போய்த் தேதி வாங்கிடலாம்."

பெரியவள் சின்னவளின் கையைப் பிடித்தாள். பிடித்தவள் விடவே இல்லை. சின்னவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"சின்ன ஆன்ட்டி, உங்களுது ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல. அப்படியேதான் இருக்கு."

இருக்கட்டுமே என்று சின்னவள் நினைத்தாள். பொடி போக வேண்டிய வயிற்றுக்குப் போயிற்று. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நேரத்தில்தான் கிருமிப்பொண்ணு சொன்னாள்: "நீங்க ரெண்டு பேரும் ஒரு நாள் கூடத் தவறல. உங்களை மாதிரி ஒழுங்கா சாப்பிட்டவங்களாலதான் நாளைக்கு ஆயிரம் பேருக்கு சரியான வழி சொல்ல முடியும். ரொம்ப நன்றி ஆன்ட்டி."

சின்னவளின் சிரிப்பு பாதியில் நின்றது. ஆயிரம் பேர். இவளுடைய திருட்டுத்தனத்தால் மாவைப் பொடி என்றும் பொடியை மாவு என்றும் எழுதிவைக்கப்போகிறார்கள். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"இல்லம்மா. நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். டப்பாவை மாத்திட்டேன். என்னோடதுதான் நிஜப் பொடி. காத்து எனக்குத்தான் பிரிஞ்சுது. அக்காவுக்கு கண்ணு ஆகணுமேன்னு ஒவ்வொரு மாசமும் என்னோடத அவங்க டப்பாவுல போட்டுட்டேன். உன்கிட்ட மறைச்சதுக்கு மன்னிச்சுடு. ஆனா மாத்தினதுக்கு வருத்தப்பட மாட்டேன், அது பொய்யாயிடும்."

கிருமிப்பொண்ணு பேயறைந்தவள்போல் உட்கார்ந்திருந்தாள். பெரியவள் பிடித்திருந்த கையை விட்டாள். சின்னவளைப் பார்த்தாள், மேஜையைப் பார்த்தாள், ஃபிரிட்ஜைப் பார்த்தாள். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாள் என்றுதான் சின்னவள் பதறினாள். பெரியவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அடிப்பாவி" என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டே. "நானும்தான்டி மாத்தினேன்."

"என்னது?"

"நீ வயித்தைப் பிடிச்சுக்கிட்டு நெளியறதைப் பார்க்க எனக்குத் தாங்கல. உன் பொடி உனக்கு ஒத்துக்கல, என்னோடதாவது ஒத்துக்கட்டும், உனக்குக் குடுத்துட்டு உன்னோடத நான் தின்னுக்கலாம்னு பார்த்தேன். கேட்டா நீ விடுவியா? நீ கடையைத் திறக்கக் கீழ போனதும் பொட்டலத்தை மாத்திடுவேன். ஒவ்வொரு மாசமும்."

கிருமிப்பொண்ணு மேஜைமேல் இருந்த ஒரு சிவப்புப் பேனாவையும் ஒரு நீலப் பேனாவையும் எடுத்து எதிரெதிரே வைத்தாள். ஒரு முறை இடம் மாற்றினாள். இன்னொரு முறை மாற்றினாள். சிவப்பு சிவப்பின் இடத்திலேயே இருந்தது, நீலம் நீலத்தின் இடத்திலேயே இருந்தது.

"எப்பவும் இவங்க முதல்ல, அப்புறம் நீங்களா?"

"நான் குளிக்கப் போறப்ப இவ. அப்புறம் நான்" என்றாள் பெரியவள்.

"அப்ப அவங்கவங்க டப்பாவை அவங்கவங்கதான் சாப்பிட்டிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள். அவளுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை, பயத்தையும் மறைக்க முடியவில்லை. எழுந்து மேலதிகாரியின் அறைக்கு ஓடினாள்.

திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. வந்தபோது கண்கள் விரிந்திருந்தன. "விதியை மீறிட்டீங்க, அதனால உங்க ரெண்டு பேர் எண்ணை மட்டும் திறந்து பார்த்தாங்க. உங்களைக் கணக்குல சேர்க்கறதா வேண்டாமான்னு குழு முடிவு பண்ணும். நடந்ததை நடந்தபடி எழுதிடுவேன்."

"எழுதும்மா. பேரை மட்டும் போட்டுடாதே" என்றாள் சின்னவள். "எந்த டப்பா நிஜம்?"

"பெரிய ஆன்ட்டியோடது. உங்களுது வெறும் மாவு."

சின்னவள் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். "அப்ப எனக்கு வந்த காத்து?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன். வேற ஏதாவது சாப்பிடறீங்களா?"

"வேற என்ன, எப்பவும் சாப்பிடற இந்த மிட்டாயைத் தவிர" என்று சின்னவள் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். கிருமிப்பொண்ணு உறையில் இருந்த பொடி எழுத்தைப் படித்தாள்.

"சர்க்கரைக்குப் பதிலா போடற இந்த இனிப்பு நிறைய சாப்பிட்டா வயிறு இப்படித்தான் பண்ணும். ஒரு நாளைக்கு எத்தனை?"

"எண்ணினதில்லை. கல்லாவுல உக்காந்தா கை தானா போகும்."

"முன்னாடியும் இருந்திருக்கும், நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க. காத்து பிரியும்னு நான் வேற சொல்லி வெச்சேன். நீங்களும் காதைத் தீட்டிக்கிட்டுக் காத்துக்கிட்டு இருந்திருக்கீங்க. ஆனா பெரிய ஆன்ட்டி, நிஜப் பொடி சாப்பிட்ட உங்களுக்கு ஒண்ணுமே இல்லையா?"

பெரியவள் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டாள். "வந்துச்சும்மா. நாலு பேர் இருக்கற இடத்துல நாகரிகம்னு ஒண்ணு இருக்கே. இவ எப்ப ட்ரையரைப் போடுவான்னு காத்துக்கிட்டு இருப்பேன்."

மூவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தார். சிரித்து ஓய்ந்தபோதுதான் சின்னவளுக்கு உறைத்தது. பெரியவள் மாற்றாமல் இருந்திருந்தால்? இவள் ஆசை ஆசையாகக் கொட்டியது வெறும் மாவு. அக்காவின் வாயிலிருந்து நிஜப் பொடியைப் பிடுங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டிருப்பாள், அதுவும் பாசம் என்ற பெயரில். இவள் வயிற்றுக்காக அக்கா செய்த காரியம்தான் அக்காவின் கண்ணைக் காப்பாற்றியிருக்கிறது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"இது ஒண்ணாலதான் இறங்குச்சுன்னு நான் சொல்ல மாட்டேன் ஆன்ட்டி" என்று கிருமிப்பொண்ணு அவசரமாகச் சொன்னாள். "மாத்திரை இருக்கு, நடை இருக்கு. ஒருத்தரை வெச்சு எதையும் நிரூபிக்க முடியாது. ஆராய்ச்சி முடிஞ்சதும் உங்களுக்கும் நிஜப் பொடி தரச் சொல்லிக் கேட்கறேன். அதுவரைக்கும் பயறு, வெங்காயம், பூண்டு எல்லாம் தாராளமா சேர்த்துக்கோங்க. மிட்டாயை விட்டுடுங்க."

"உள்ள இருக்கறவங்களை இத்தனை மாசம் பட்டினி போட்டுட்டேனே" என்று சின்னவள் மூக்கைச் சிந்தினாள்.

கண் டாக்டர் தேதி கொடுத்தார். முதலில் வலது கண். சின்னவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துத் தீர்த்தாள். மறுநாள் காலையில் கட்டுப் பிரிக்கும்போது அவளையும் உள்ளே விட்டார்கள். நர்ஸ் மெதுவாகப் பஞ்சை எடுத்தாள். பெரியவள் கண்ணைச் சிமிட்டினாள். சுவர், ஜன்னல், நர்ஸின் சட்டைப் பொத்தான் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்து, சின்னவளிடம் வந்ததும் நின்றுவிட்டாள். பார்வை அவள் முகத்தில் இல்லை, தலையில் இருந்தது. வலது பக்கம் காதுக்கு மேலே ஏறி, இடது பக்கம் தோளுக்கு இறங்கி, பின்னால் படிக்கட்டு மாதிரி வெட்டுப்பட்டிருந்த முடியில் இருந்தது.

"இது எந்தப் படுபாவி வெட்டினது? அடுத்த தெருக்காரியா?" என்றாள் பெரியவள். தொழில் கோபம் அவள் குரலில் பொங்கிக்கொண்டு வந்தது.

"நீங்கதான்க்கா."

பெரியவள் அவளையே பார்த்தாள். கடை விடுமுறை நாட்களில், 'முடி தொந்தரவு பண்ணுதுக்கா, கொஞ்சம் வெட்டி விடுங்க, எனக்கு எப்படி இருந்தாலும் பரவால்ல' என்று சின்னவள் இழுப்பறையைத் திறந்து கத்திரியை எடுத்துக் கையில் திணிப்பாள். இவளும் தடவித் தடவி வெட்டுவாள். முடிந்ததும், 'அப்படியே அச்சு மாதிரி இருக்குக்கா' என்று சின்னவள் கண்ணாடி முன் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள்.

"அச்சு மாதிரி இருக்குன்னியே."

"உங்க கை மறந்துடக் கூடாதுல்ல. கேட்டவங்ககிட்ட புது ஃபேஷன்னு சொல்லிட்டேன். ரெண்டு பேர் எங்களுக்கும் இதே மாதிரி வேணும்னு கேட்டாங்கக்கா."

பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் திறந்த வாய் கோணியது. அவள் கையை நீட்டி, சின்னவளின் தலையைத் தன் பக்கம் இழுத்து, கோணல் கோணலாக நின்ற அந்த முடியை விரலிடுக்கில் பிடித்து நீளம் பார்த்தாள். "இந்தம்மா, ஒரு கத்திரி இருந்தா குடேன்" என்று நர்ஸைக் கேட்டாள். நர்ஸ் தரமாட்டேன் என்று தலையாட்டினாள். புதுக் கண்ணில் நீர் திரண்டு நின்றது.

"அழாதீங்கக்கா" என்றாள் சின்னவள், தன் கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டே. "கண்ணுல தண்ணி படக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."